சுறாவின் எடைக் கணக்கு

தருமபுரி மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. சுறா இங்கே வந்து சேர்வது பெரும்பாலும் கருவாடாகத்தான். சந்தையில் உப்புப் பூத்த துண்டங்களாகக் கிடக்கும். இல்லாவிட்டால் பிள்ளை பெற்றவளுக்குப் புட்டு செய்து கொடுக்கவேண்டும் என்று யாராவது சொல்லிவைத்து, பனிக்கட்டிப் பெட்டியில் வரும் பால்சுறா. அப்படியிருந்தும், சுறா எப்படி நீரில் மூழ்காமல் இருக்கிறது என்ற கேள்வியைக் கேட்க இங்குள்ள காவிரிக்கரை ஒகேனக்கல் நல்ல இடம். கடலோரத்தில் நின்று கேட்பவருக்குக் கிடைக்கும் வழக்கமான பதில், "அதன் ஈரலில் எண்ணெய் இருக்கிறது" என்பது. அந்தப் பதிலில் எவ்வளவு உண்மை, எவ்வளவு குறை என்பது காவிரி மாதிரியான ஒரு நன்னீரை எதிரே வைத்துப் பார்க்கும்போதுதான் தெரிகிறது.

முதலில் கேள்வியையே கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும். சுறாக்களில் பெரும்பாலானவை மிதப்பதே இல்லை. அசையாமல் விட்டால் மெதுவாகக் கீழே போகும் உடம்பு அது. மூழ்கும் எடையை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்துக்கொண்டு, மிச்சத்தை நீந்தியே சமாளிக்கிறது. எவ்வளவு குறைக்கிறது, எதைக் கொண்டு குறைக்கிறது, மிச்சத்தை எப்படித் தூக்கிப் பிடிக்கிறது, முழுவதையும் ஏன் குறைத்துக்கொள்ளவில்லை என்பதைச் சுற்றித்தான் நூறு வருட ஆராய்ச்சி நடந்திருக்கிறது. கடைசிக் கேள்விதான் எனக்குச் சுவையானதாகப் படுகிறது. ஆராய்ச்சியாளர்கள் அதற்கு வந்து சேர்ந்ததும் கடைசியாகத்தான்.

ஒகேனக்கல்லில் மீன் வறுத்துத் தரும் இடங்களில் கட்லாவையோ ரோகுவையோ வகிர்ந்து குடலை எடுக்கும்போது, முதுகெலும்பை ஒட்டி வெள்ளையாகப் பளபளக்கும் ஒரு பை வெளியே வரும். நடுவில் இடுப்பு ஒடுங்கி, இரண்டு அறையாகத் தெரியும். கழிவோடு சேர்த்து எறிந்துவிடுவார்கள். அதுதான் காற்றுப்பை. கெண்டை வகை மீன்களில் அந்தப் பைக்கும் உணவுக்குழலுக்கும் நடுவே ஒரு சிறு குழாய் உண்டு. காற்றை விழுங்கி நிரப்பலாம், வேண்டாதபோது வெளியே விடலாம். (அதே பையிலிருந்து காதுக்குப் போகும் சின்ன எலும்புச் சங்கிலி ஒன்றும் இருக்கிறது. கெண்டைக்குக் காது கூர்மையாக இருப்பதற்கு அதுவே காரணம். அது வேறு கதை.) காற்றுப்பை உள்ள மீன் அசையாமல் நடுநீரில் நிற்கும். அதன் சராசரி அடர்த்தி, சுற்றியுள்ள நீரின் அடர்த்திக்குச் சமம். பரிசல் மிதப்பதும் இதே காற்றை நம்பித்தான்: மூங்கில் வரிச்சலும் தார் பூசிய உறையும் தண்ணீரை வெளியே நிறுத்தி, உள்ளே காற்றுக்கு இடம் வைக்கின்றன.

ஒரு கணக்கு இங்கே பார்த்துவிடலாம். கடல்நீர் லிட்டருக்கு ஏறக்குறைய 1.025 கிலோ; நன்னீர் லிட்டருக்கு 1 கிலோ. உப்பினால் வரும் இந்த இரண்டரை சதவீத வித்தியாசம் சாதாரணமாகத் தோன்றலாம். ஆனால் மீனின் தசையும் எலும்பும் சேர்ந்த சராசரி தண்ணீரைவிடச் சில சதவீதம்தான் கனம் என்பதால், இந்த இரண்டரை பெரிய எண். கடல் எலும்பு மீன்களில் காற்றுப்பை உடல் பருமனில் சுமார் 5 சதவீதம் இருக்கும். நன்னீர் மீன்களில் அது சுமார் 7 சதவீதம். காவிரி மீன் கடல் மீனைவிடப் பெரிய பை வைத்திருப்பது தண்ணீர் தாங்குவது குறைவு என்பதால்தான்.

காற்றுப்பைக்கு ஒரு குறை உண்டு. காற்று அமுங்கும். பத்து மீட்டர் ஆழம் போனால் அழுத்தம் இரட்டிப்பாகி, பையின் பருமன் பாதியாகும். ஐந்நூறு மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் ஐம்பத்தொரு மடங்கு. ஆழம் மாறும்போதெல்லாம் மீன் வாயுவைச் சுரக்கவோ உறிஞ்சவோ வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். ஆழ்கடலிலிருந்து தூண்டிலில் சடாரென்று இழுக்கப்பட்ட மீனின் வயிறு வாய்வழியே பிதுங்கி வருவது இதனால்தான். சுறாவுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஐந்நூறு மீட்டர் இறங்கி, இரையைப் பிடித்து, உடனே மேலே வந்துவிடலாம். காற்றுப்பைக்கு மூதாதை பழங்கால மீன்களின் நுரையீரல் என்பது இன்றைய கருத்து. டார்வின் அதை மறுதலையாக, காற்றுப்பையிலிருந்து நுரையீரல் வந்ததாக நினைத்தார். குருத்தெலும்பு மீன்களின் பரம்பரை எலும்பு மீன்களிடமிருந்து 40 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பிரிந்துவிட்டது. இன்றைய சுறா, திருக்கை எதற்கும் அந்தப் பை இல்லை.

அந்த இடத்தில்தான் ஈரல் வருகிறது. சுறாவைக் கரையில் அறுத்துப் பார்த்தவர்களுக்கு அதன் அளவு தெரியும். வயிற்றறையின் முழு நீளத்துக்கும் இரண்டு மடலாக நீண்டு கிடக்கும். ஆழ்கடல் இனங்கள் சிலவற்றில் உடல் எடையில் கால்பங்கு ஈரலே. அந்த ஈரலிலும் பெரும்பகுதி எண்ணெய். 1906-இல் ஜப்பானிய வேதியியலாளர் மிட்சுமாரு ட்சுஜிமோட்டோ, சுறா ஈரல் எண்ணெயில் சோப்பாக மாறாத ஒரு ஹைட்ரோகார்பனைக் கண்டார். பத்து வருடம் கழித்து, 1916-இல், அதற்கு ஸ்குவாலீன் என்று பெயர் வைத்தார். அதன் அடர்த்தி லிட்டருக்கு 0.86 கிலோ. சாதாரண மீன் கொழுப்பு 0.92 அளவில் நிற்கும்.

ஒரு கிலோ ஸ்குவாலீன் கடல்நீரில் எவ்வளவு தூக்கும்? அது 1.16 லிட்டர் இடம் அடைக்கும்; விலக்கும் கடல்நீர் 1.19 கிலோ, ஆகவே தூக்குவது 190 கிராம். சாதாரண ஈரல் எண்ணெய் ஒரு கிலோ தூக்குவது 114 கிராம். ஒரு லிட்டர் காற்றோ ஒரு கிலோவுக்குச் சற்று மேல் தூக்கிவிடும். ஒரே தூக்கலுக்குக் காற்றைவிட ஸ்குவாலீனுக்கு ஆறு மடங்கு இடம் வேண்டும். சுறாவின் ஈரல் அவ்வளவு பெரியதாக இருப்பதன் காரணம் இந்தச் சிறு கணக்கில் அடங்கிவிடுகிறது. பதிலுக்கு ஒரு லாபம்: எண்ணெய் அழுத்தத்தில் அவ்வளவாக அமுங்காது. பத்து மீட்டரிலும் ஆயிரம் மீட்டரிலும் அதன் தூக்கல் ஏறத்தாழ ஒன்றுதான்.

இதை அளந்து நிறுவியது 1960களின் பிற்பகுதியில்தான். இங்கிலாந்தின் பிளிமத் கடலாய்வுக்கூடத்தைச் சேர்ந்த கார்னர், டென்டன், ஃபார்ஸ்டர் மூவரும் 1969-இல் ஆழ்கடல் சுறாக்களை எடைபோட்டு, அவை கடல்நீருக்குள் ஏறக்குறைய எடையே இல்லாமல் இருப்பதையும், அதற்குக் காரணம் ஸ்குவாலீன் நிறைந்த ஈரல் என்பதையும் காட்டினார்கள். அதே வருடம் போனும் ராபர்ட்ஸும் கடலடியில் படுத்துக் கிடக்கும் இனங்களையும் நடுநீரில் திரியும் இனங்களையும் ஒப்பிட்டு, அடர்த்தி வாழ்முறைக்குத் தக்கபடி மாறுவதைச் சொன்னார்கள். 1970-இல் அமெரிக்கர் பால்ட்ரிட்ஜ் புளோரிடாச் சுறாக்களை எடைபோட்டார். கரையில் 460 கிலோ இருந்த ஒரு புலிச்சுறா கடல்நீருக்குள் வெறும் மூன்றரை கிலோதான் இருந்தது. ஒரு சதவீதத்துக்கும் குறைவு. சுறாவை நீரில் நிறுத்துவது ஈரல் என்று பாடப்புத்தகங்கள் எழுதத் தொடங்கியதற்கு இந்த அளவீடுகள் அடித்தளம். மூன்றரை கிலோ என்பது பூஜ்யம் அல்ல என்பதைத்தான் பாடப்புத்தகங்கள் அவசரத்தில் விட்டுவிட்டன.

இந்த எண்ணெய்க்கு மனிதர்கள் வேறு பயன் கண்டதையும் சொல்லாமல் போக முடியாது. இரண்டாம் உலகப் போரில் காட் மீன் எண்ணெய் இறக்குமதி தடைப்பட்டபோது, வைட்டமின் ஏ-க்காகச் சென்னை மாகாணத்தில் சுறா ஈரல் எண்ணெய் காய்ச்சும் தொழில் எழுந்தது. கோழிக்கோட்டில் அரசே ஆலை நடத்தியது. தருமபுரி அன்று சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதி, அதே மாகாணம். அந்த எண்ணெய் பெரும்பாலும் மேற்பரப்புச் சுறாக்களிடமிருந்து வந்தது. ஆழ்கடல் ஈரலுக்கு வந்த கிராக்கி பிந்தியது. அழகுப்பொருள்களுக்கும், சில தடுப்பூசிகளில் துணைப்பொருளாகவும் ஸ்குவாலீன் வேண்டியிருக்கிறது. சுறா பிடிப்பதில் பெயர்பெற்ற கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் மீனவர்கள் ஆயிரங்கால் தூண்டிலோடு அரபிக்கடல் முழுதும் போய்வருபவர்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் பிடித்த சென்ட்ரோஃபோரஸ் என்னும் ஆழ்கடல் முட்சுறா இனம் கொச்சித் துறைமுகத்தில் ஈரலுக்காக இறங்கத் தொடங்கியது. ஓர் ஈற்றுக்கு ஒன்றிரண்டு குட்டி போடும் இனம், கர்ப்பமும் இரண்டு வருடத்துக்கு மேல். பிடிப்பு தாங்காது என்பதைச் சொல்ல நிபுணர் வேண்டியதில்லை. 2024-இல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்த ஓர் உலகளாவிய ஆய்வு, எண்ணெய்க்கும் இறைச்சிக்குமான பிடிப்பு ஆழ்கடல் சுறா, திருக்கை இனங்களை மீளமுடியாத அளவுக்குக் குறைத்துவருகிறது என்று தலைப்பிலேயே சொன்னது.

ஈரலைத் தவிர இரண்டு சில்லறை உதவிகள் உண்டு. சுறாவின் எலும்புக்கூடு குருத்தெலும்பு, எலும்பைவிட லேசு. இன்னொன்று, யூரியா. சுறாக்கறியை அலட்சியமாகச் சமைத்தால் அமோனியா நாறுவது அதனால்தான். புட்டுக்குச் சுறாவை முதலில் மஞ்சள் போட்டு வேகவைத்து, தோலை உரித்து, நீரைப் பிழிந்து உதிர்ப்பார்கள். அந்த வாடைக்கு அது ஒரு மருந்து. கடல்நீரின் உப்புக்கு ஈடுகொடுக்க, சுறா தன் இரத்தத்திலும் தசையிலும் யூரியாவையும் ட்ரைமெத்திலமீன் ஆக்சைடு என்ற பொருளையும் தேக்கி வைத்திருக்கிறது. 1994-இல் ஆஸ்திரேலியாவின் விதர்ஸும் உடனிருந்தோரும் இந்தக் கரைசல்கள், அதே செறிவில் உப்பு கரைந்திருந்தால் இருக்கும் அடர்த்தியைவிட லேசானவை என்று காட்டினார்கள். அதாவது சுறாவின் உடல்நீரே கடல்நீரைவிடக் கொஞ்சம் லேசு. இந்தப் பங்கு கவனிக்கப்பட வேண்டிய அளவுக்கு இருக்கிறது. ஆனால் ஈரல் மாதிரி கூட்டவும் குறைக்கவும் தோதானதல்ல. ஈரல் தன்வசப்பட்ட உறுப்பு. யூரியா உப்புப் பிரச்சினைக்குக் கிடைத்த தீர்வு. அதில் தூக்கல் ஓர் இலவச இணைப்பு. விசித்திரமான விதிவிலக்கும் ஒன்று இருக்கிறது. மணல்புலிச் சுறா மேலே வந்து காற்றை விழுங்கி, வயிற்றில் வைத்துக்கொண்டு, கிட்டத்தட்ட அசையாமலே நீரில் நிற்கும். காற்றுப்பை இல்லாத சுறா, இரைப்பையைக் காற்றுப்பையாக்கிக்கொண்டது.

மிச்ச எடையை நீந்தித் தூக்குவது எப்படி என்பதில் சண்டை நீண்டகாலம் நடந்தது. சுறாவின் வாலில் மேல் மடல் நீளம், கீழ் மடல் குட்டை; முதுகெலும்பு மேல் மடலுக்குள் ஏறிப் போகிறது. இப்படிச் சமமில்லாத வால் வீசும்போது நீரைப் பின்னுக்கு மட்டுமல்லாமல் கீழேயும் தள்ளும். அதனால் உடம்பின் பின்பக்கம் மேலே எழும். முன்பக்கம் கவிழாமல் இருக்க மார்புத் துடுப்புகள் விமான இறக்கை போல் தூக்கும். இது பழைய பாடம். 1936-இல் குரோவும் நியூவெல்லும் மாதிரிகளை வைத்துச் செய்த சோதனையும், 1965-இல் அலெக்சாண்டரின் அளவீடுகளும் இதற்குத் துணை நின்றன. 1976-இல் கீத் தாம்சன் மறுத்தார்: வாலின் உந்துதல் உடம்பின் எடைமையத்தின் வழியாகவே போகும்படி சுறா வாலைத் திருப்பிக்கொள்கிறது, ஆகையால் பின்பக்கம் எழும்பவேண்டிய அவசியமே இல்லை என்று.

நீரில் நுண்துகள் தூவி, லேசர் ஒளியில் படமெடுத்து, துடுப்பு விட்டுச்செல்லும் சுழலையே அளக்கும் முறை வந்த பிறகு செரில் வில்காவும் ஜார்ஜ் லாடரும் கலிஃபோர்னியக் கரையின் சிறுத்தைச் சுறாவை நீரோட்டத் தொட்டியில் நீந்தவிட்டார்கள். 2002-இல் வெளியிட்ட அளவீடுகளில் வால் பற்றிய பழைய பாடம் தேறிவிட்டது. சுழல்வளையம் சாய்ந்து, நீர் பின்னும் கீழும் தள்ளப்படுவது தெரிந்தது. அடிவாங்கியது இறக்கைக் கதை. நேராக ஒரே வேகத்தில் போகும்போது மார்புத் துடுப்புகள் தூக்கலே கொடுக்கவில்லை என்று அதற்கு முன்பே, 2000-இல், அவர்கள் காட்டியிருந்தார்கள். மேலேறவும் கீழிறங்கவும் திரும்பவும்தான் அவை பயன்பட்டன. முன்பக்கத்தைத் தூக்கியது, மூக்கைச் சற்று உயர்த்திச் சாய்வாகப் போகும் உடம்பின் அடிப்பரப்பே.

இந்த முடிவை எல்லாச் சுறாவுக்கும் விரித்துவிடும் அவசரம் பிறகு பலரிடம் இருந்தது. சிறுத்தைச் சுறா கடலடியை ஒட்டி வாழும் சிறிய மீன், துடுப்பும் வளையக்கூடியது. நீண்டு விறைத்த துடுப்போடு திறந்த கடலில் நாள்கணக்கில் போகும் இனங்களுக்கு அதே கணக்கு பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் காரணம் இல்லை. தொட்டியில் நீந்தக்கூடிய அளவுள்ள சுறாதான் ஆராய்ச்சிக்கு வரும் என்பது இந்தத் துறையின் பழைய சாபம். கருவி கட்டிக் கடலிலேயே விட்டுப் பார்க்கத் தொடங்கியதும் புதிய சங்கதிகள் வந்தன. நம் கரையிலும் அகப்படும் பெரிய கொம்பன் சுறாவின் முதுகுத் துடுப்பு மார்புத் துடுப்பைவிட நீளம். 2016-இல் நிக்கோலஸ் பெய்ன் குழு கண்டது: அது பெரும்பாலான நேரம், சில சமயம் நாளில் 90 சதவீதம் வரை, 50 முதல் 75 பாகை வரை ஒருக்களித்துப் படுத்தபடி நீந்துகிறது. அப்படிப் போனால் நெட்டையான முதுகுத் துடுப்பே இறக்கையாகிவிடும்; நீந்தும் செலவில் சுமார் பத்து சதவீதம் மிச்சம். மிதப்பு வேண்டுமென்று ஒரு மீன் உலகையே ஒருச்சாய்த்துப் பார்த்துக்கொண்டு போகிறது.

திமிங்கலச் சுறாவின் வழி இன்னும் எளிது. ஆஸ்திரேலியாவின் நிங்கலூப் பவளப்பாறைக் கரையில் ஏட்ரியன் கிளைஸ் குழு 2011-இல் வெளியிட்ட ஆய்வில், அவை வாலடிக்காமல் சறுக்கிக்கொண்டே இறங்குவதும், வாலடித்து ஏறுவதும் பதிவானது. கனமாக இருப்பது இங்கே குறையல்ல. இறங்கும் வழியில் முன்னோக்கிப் போவது இனாம். வெள்ளைச் சுறாக்கள் இதே சறுக்கலை நமக்கு ஓர் அளவுகோலாகத் தந்தன. 2013-இல் கென் டெல் ரே, பார்பரா பிளாக் முதலியோர், கலிஃபோர்னியாவிலிருந்து நடுப் பசிபிக்குக்குப் போகும் வெள்ளைச் சுறாக்கள் சறுக்கி இறங்கும் வேகம் பயணம் நீள நீளக் கூடுவதைப் பார்த்தார்கள். இரை அரிதான நெடுவழியில் அவை ஈரல் எண்ணெயை எரித்துக்கொண்டு போகின்றன. எண்ணெய் குறையக் குறைய உடம்பு கனக்கிறது. விதைநெல்லைக் குத்தித் தின்னும் குடித்தனம் மாதிரி, மிதக்க வைத்திருந்ததையே சாப்பிட்டுத் தீர்க்கிறது. குட்டிகளின் கதையும் இதுவே. பல இனங்களில் குட்டி பிறக்கும்போதே பெரிய ஈரலோடு பிறக்கிறது. தாய் கொடுத்த அந்தக் கையிருப்பு முதல் சில வாரங்களில், வேட்டையாடக் கற்றுக்கொள்ளும் காலத்தில், வேகமாகக் கரைந்துவிடும்.

எதிர்ப்பக்கத்திலும் ஆச்சரியம் உண்டு. ஹவாய்க் கடலில் ஆறுசெவுள் சுறாக்களுக்குக் கருவி கட்டிய இட்சுமி நாகமுராவும் உடனிருந்தோரும் 2015-இல் எழுதியது: அவை மூழ்குபவையல்ல, மேலே மிதந்து எழுபவை. ஏறும்போது வாலடிக்காமல் சறுக்கின; இறங்கும்போதுதான் உழைத்தன. எண்ணெய் தேவைக்கு மேல். குளிர்ந்த ஆழத்தில் தசை மந்தமாக இருக்கும் நேரத்தில் சத்தமில்லாமல் மேலெழுந்து இரையை நெருங்க இது உதவலாம் என்பது அவர்கள் யோசனை.

ஆழத்தில் இவ்வளவு எண்ணெய் என்றால், ஆழம் போகப்போகச் சுறா இன்னும் பெருக வேண்டுமே? பெருகவில்லை. மூவாயிரம் மீட்டருக்குக் கீழே சுறாக்கள் ஏறக்குறைய இல்லை. 2006-இல் மான்ட்டி பிரீடி தலைமையிலான குழு இதற்கு ஈரலையே காரணமாகச் சொன்னது: இரை அவ்வளவு குறைந்த இடத்தில் எண்ணெய் நிறைந்த ஈரலைப் பராமரிக்கும் செலவு கட்டுப்படியாகாது. எலும்பு மீன்கள் அதற்கு வெகு கீழேயும் வாழ்கின்றன.

இவற்றையெல்லாம் ஒரே தராசில் வைத்தது கிளைஸ், பாட்வின், கோல்ட்போகன் மூவரின் 2017 ஆய்வு. 32 இனங்களின் உடலமைப்பை ஒப்பிட்டார்கள். உடம்பு பெருக்கப் பெருக்க ஈரல் அதைவிட வேகமாகப் பெருக்கிறது. ஆழத்தில் வாழ்பவற்றுக்குப் பெரிய ஈரல், அதிக மிதப்பு; மேற்பரப்பில் திரிபவற்றுக்குச் சிறிய ஈரல், அதிகக் கனம். இரண்டுக்கும் நடுவே தொடர்ச்சியாக மற்றவை. ஏன் எல்லாம் மிதக்கவில்லை என்பதற்கும் பதில் கிடைத்தது. நிதானமாக, ஒரே வேகத்தில் போவதற்குச் சமநிலை சிக்கனம். ஆனால் சட்டென்று பாய்வதற்குப் பருத்த எண்ணெய் உடம்பு இடைஞ்சல். ஒல்லியாய்க் கனமாய் இருப்பதே மேல். மேற்கடலில் வேகமான இரையைத் துரத்தும் சுறா, மூழ்கும் எடையை வேண்டுமென்றே வைத்துக்கொண்டிருக்கிறது. சுறா நீந்துவதை நிறுத்தினால் செத்துவிடும் என்ற ஊர்ப்பேச்சை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது மூச்சு சம்பந்தப்பட்டது. வாயைத் திறந்துகொண்டு முன்னேறினால்தான் சில இனங்களுக்குச் செவுளில் நீர் பாயும். மன்னார் வளைகுடாவின் மூங்கில் சுறாக்கள் கன்னத்தசையாலேயே நீரை இறைத்துக்கொண்டு அடியில் படுத்திருக்கும். மூழ்கிக் கிடப்பதில் அவற்றுக்குக் கஷ்டம் ஏதும் இல்லை.

இனி காவிரிக்கு வரலாம். காவிரியும் சுறாவும் தமிழில் ஒரே காட்சியில் நிற்பது ஆற்றின் மறுமுனையில். காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டதைப் பட்டினப்பாலை சொல்கிறது. நட்டுவைக்கத் தக்க கொம்பு என்றால் வேளா மீனின் அரம்போன்ற மூஞ்சியாக இருக்கவேண்டும் என்று கொள்வது பொருத்தம். வேளா திருக்கைக்கு நெருங்கிய உறவு. ஆற்றுக்குள் ஏறிப் போகும் குணம் கொண்டது. காளைச் சுறாவும் அப்படித்தான். நிகரகுவா ஏரியில் அது பேர்பெற்றது. 1937-இல் மிசிசிப்பி ஆற்றில் இலினாய் மாநிலத்து ஆல்டன் வரை ஒன்று போய் அகப்பட்டது. நம் நாட்டில் கங்கைச் சுறா என்று ஆற்றுக்கே உரிய இனம் ஒன்றும் இருக்கிறது, அழிவின் விளிம்பில். ஆனால் ஐந்நூறுக்கு மேற்பட்ட சுறா இனங்களில் இப்படி நன்னீரில் தங்கக்கூடியவை கைவிரலில் அடங்கும். இது ஏன்?

உப்புதான் தடை என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். கிளைஸ் குழு 2015-இல் இன்னொரு தடையைக் காட்டியது: எடை. ஒரு கணக்கு போடுவோம். 100 கிலோ சுறா, அடர்த்தி லிட்டருக்கு 1.05 கிலோ என்றால் அது அடைக்கும் இடம் 95 லிட்டர் சொச்சம். கடலில் அதன் எடை 2.4 கிலோ. ஒகேனக்கல் தண்ணீரில் 4.8 கிலோ. நேர் இரட்டிப்பு. நன்றாக மிதக்கும் சுறாவுக்குத்தான் அடி பலம்: பால்ட்ரிட்ஜின் 460 கிலோ புலிச்சுறாவை நன்னீரில் விட்டால், மூன்றரை கிலோ 15 கிலோ ஆகிவிடும். ஆய்வில் வந்த பொதுவான எண் இரண்டிலிருந்து மூன்று மடங்கு.

ஈரலைப் பெருக்கிச் சரிசெய்துகொள்ளக் கூடாதா? இங்கேதான் எண்ணெயின் பலவீனம் வெளிப்படுகிறது. காற்று நன்னீரில் இழக்கும் தூக்கல் இரண்டரை சதவீதம். கெண்டை பையைக் கொஞ்சம் பெரிதாக்கினால் போயிற்று. சாதாரண ஈரல் எண்ணெயோ, கடலில் கிலோவுக்கு 114 கிராம் தூக்கியது, நன்னீரில் 87 கிராம்தான் தூக்கும். கால்பங்கு போய்விட்டது. எடை கூடும் அதே நேரத்தில் தூக்குபவனும் சோர்ந்துவிடுகிறான். கடலில் இருந்த எடைக்கே திரும்ப வேண்டுமானால், எண்ணெயின் அடர்த்தி மாறாதபட்சத்தில், ஈரல் எட்டு மடங்கு பெருக்கவேண்டும் என்பது அந்த ஆய்வின் கணக்கு. எந்த வயிறும் கொள்ளாது. போதாக்குறைக்கு, ஆற்றுக்குள் வந்த காளைச் சுறா உடம்பிலுள்ள யூரியாவைப் பாதியளவு குறைத்துக்கொள்கிறது; யூரியா தந்துகொண்டிருந்த தூக்கலிலும் அவ்வளவு போகிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஃபிட்ஸ்ராய் ஆற்றுக் காளைச் சுறாக்களையும் வேளா மீன்களையும் அளந்தபோது, ஈரலின் அளவு கடல் இனங்களுக்குச் சமமாகவே இருந்தது, எண்ணெய் மட்டும் கொஞ்சம் லேசானது. அதுவரை அளக்கப்பட்ட சுறா, திருக்கை எல்லாவற்றிலும் நீருக்குள் அதிகக் கனம் இவைதான்.

காவிரியில் கல்லணையும், 1836-இல் கட்டிய மேலணையும், 1934-இல் முடிந்த மேட்டூர் அணையும் கடலிலிருந்து ஏறிவரும் எதையும் தடுத்துவிட்டன. நாகமரை, ஒட்டனூர் கரைகளில் இன்று விரிந்து கிடப்பது மேட்டூரின் தேங்குநீர். அணைகள் இல்லாவிட்டாலும் ஒகேனக்கல் வரைக்கும் இந்தக் கனத்தோடு ஒழுக்கை எதிர்த்து வருவது சுறாவுக்கு லேசான காரியமாக இருந்திருக்காது. வேகமான மலையாற்றில் கனமாக இருப்பது நன்மையாகும் மீன்களும் உண்டு என்பதையும் சொல்லவேண்டும். சுந்தர் லால் ஹோரா 1920களிலும் 30களிலும் விரிவாக ஆராய்ந்த மலையோடை மீன்கள் பாறையைப் பற்றிக்கொண்டு வாழ்பவை. அவற்றில் பலவற்றுக்குக் காற்றுப்பை சுருங்கி, எலும்புக் கூட்டுக்குள் அடைபட்டுப் போய்விட்டது. மேலே எழும்பினால் வெள்ளம் அடித்துப்போகும் இடத்தில் மிதப்பு தேவையில்லை. ஆனால் அவை விரல் நீளத்து மீன்கள், பாறைக்கு ஒட்டிக் கிடப்பவை. சுறாவால் அப்படி ஒட்டிக்கொள்ள முடியாது.

அவ்வளவு செலவு செய்து காளைச் சுறா ஆற்றுக்குள் ஏன் வருகிறது என்றால், வருபவை பெரும்பாலும் குட்டிகள். குட்டியைத் தின்னும் பெரிய சுறாக்கள் ஆற்றில் இல்லை. பிறந்த சில வருடங்கள் ஃபிட்ஸ்ராய் போன்ற ஆறுகளில் ஓயாமல் வாலடித்து வளர்ந்த பிறகு அவை கடலுக்கு இறங்குகின்றன. கழிமுகத்தைத் தாண்டி உப்புநீருக்குள் போனதும், ஈரலில் ஒரு சொட்டு எண்ணெய் கூடாமலே, நீருக்குள் அவற்றின் எடை பாதியாகிவிடுகிறது.